வாய்வழியா, சிரைவழியா: புற்றுநோய்ச் சோதனைகளில் வைட்டமின் சி

வைட்டமின் சி ஆயுளை நீட்டுகிறது என்று கூறி, மருத்துவர் யூவன் கேமரனும் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய புற்றுநோயாளிகளுக்கு வைட்டமின் சி பெரும்பாலும் முதலில் சிரைவழியாகவும் பின்னர் வாய்வழியாகவும் தரப்பட்டது. ஒப்பீட்டுக்கோ பழைய மருத்துவப் பதிவுகளே பயன்பட்டன. இதைச் சரிபார்த்த அமெரிக்க மருத்துவமனையான மேயோ கிளினிக், 1979லும் 1985லும் நாளொன்றுக்கு 10 கிராமை வாய்வழியாக மட்டும் கொடுத்து, போலி மருந்துடன் ஒப்பிட்டுப் பயனில்லை என்றது. முறையில் பின்னது நேர்மையானது. ஆனால் சோதித்தது அதே சிகிச்சையை அல்ல.

குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது, மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்பதால், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் இரத்தத்தில் அதன் செறிவு லிட்டருக்குச் சுமார் 220 மைக்ரோமோலைத் தாண்டுவது அரிது. சிரைவழியாக 50 கிராம் ஏற்றினால் அது 13,000ஐயும் கடக்கும். அந்த அளவில் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கி, ஆய்வகத்தில் புற்றுச் செல்களைக் கொல்கிறது.

நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 442 பேரிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், சிரைவழி வைட்டமின் சியைக் கீமோதெரபியுடன் சேர்த்தும் நோய் முற்றுவது தள்ளிப்போகவில்லை. 2024இல் வெளியான கணையப் புற்றுநோய்ச் சோதனையில், அதேபோல் சேர்த்தபோது, இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 8.3 மாதத்திலிருந்து 16 மாதமானது. பங்கேற்றவர்களோ 34 பேர்தான்.

மாத்திரையை மிக அதிகமாக விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிரைவழியில், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையலாம். சிறுநீரகத்தில் ஆக்சலேட் படியலாம். விரல்நுனிச் சர்க்கரைமானி பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டி, தேவையற்ற இன்சுலின் ஊசிக்கும் வழிவகுக்கலாம்.