படகு கேபின் ஒழுகலை அடைக்கிறேன் என்று வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

பழைய ஃபைபர் கிளாஸ் படகு வைத்திருப்பவர்கள், கேபின் ஒழுகலைச் சரிசெய்ய ஆள் அமர்த்தும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. எங்கள் படகில் வேலை பார்த்தவர், மேல்தளத்தில் திருகி வைத்த தூண், கைப்பிடி போன்ற பொருத்துகள் எல்லாவற்றையும் கழற்றி, புதிய சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்து மீண்டும் முடுக்கியதாகப் பில் எழுதி, முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மழையில் படுக்கை முன்பைவிட மோசமாக நனைந்தது.

ஜன்னலுக்குக் கீழே ஈரம் தெரிந்ததால், அவர் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் சிலிக்கானை விரலால் இழுத்துப் பூசியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் படகில் தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ரெயிலிங் தூணின் அடித்தகடு, கைப்பிடிக் கம்பியின் திருகு, பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் தகடு போன்றவற்றின் வழியே இறங்கும் நீர், மேல்தளத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே படகு சாய்ந்த பக்கமாக ஓடி, சந்து கிடைத்த இடத்தில் வெளிப்படும். போதாக்குறைக்கு, நகரும் கண்ணாடியின் கீழ்க்காடியில் தேங்கும் மழைநீர் வெளியே வடிவதற்கென்றே விடப்பட்டிருந்த சிறு துளைகளையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டார். காடி நிரம்பிய தண்ணீர் வேறு வழியில்லாமல் உள்பக்கம் வழிந்தது.

பொருத்துகளைக் கழற்றினாரா என்பதற்குத் திருகுகளே சாட்சி. ரெயிலிங் தூண்களின் திருகுத் தலைகளில் இருந்த பழைய வெள்ளைப் பெயிண்ட் ஒரு கீறலும் இல்லாமல், தலையின் பள்ளம் முழுக்க நிரம்பியபடியே இருந்தது. உள்ளே நட்டுகளில் பச்சைக் களிம்பு கலையவில்லை. ஸ்பேனர் பட்ட தடமும் இல்லை. இதைக் காட்டிக் கேட்டபோது, கழற்றினால் உடைந்துவிடும் என்பதால் சுற்றிப் பூசியதாகச் சொன்னார். அது அவருடைய முடிவாக இருக்கலாம். பில்லில் இருந்தது வேறு. பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

பணம் போனது ஒருபுறம் இருக்க, சிலிக்கான் விட்டுச் சென்ற வினை வேறு. சுரண்டி எடுத்த பிறகும் தங்கும் அதன் மெல்லிய படலத்தின் மேல் பெயிண்ட், எபாக்ஸிப் பிசின், வேறு சீலண்ட் எதுவும் சரியாக ஒட்டாது. இதற்கிடையில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தால், மேல்தளத்தின் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பால்சா மரமோ ப்ளைவுட்டோ ஊறி அழுகும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். காற்றுப் படாமல் ஈரத்திலேயே இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உள்ளுக்குள் அரித்துப்போகும் என்பதால், பாய்மரத் தகடுகளின் ஒழுகலை அலட்சியப்படுத்தக் கூடாது.

பின்னர் வந்தவர், சொட்டும் நீர் உப்பா நன்னீரா என்பதை முதலில் பார்த்து, கடல்நீர் அல்ல என்று உறுதிசெய்தார். குடிநீர்த் தொட்டியையும் சோதித்து ஒதுக்கினார். அதன்பின் உள்கூரைப் பலகைகளை இறக்கிவிட்டு, ஒருவரை டார்ச்சுடன் உள்ளே உட்கார வைத்து, ஹோஸ் தண்ணீரைத் தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கி, ஒரு நேரத்தில் ஒரு பொருத்தின் மேல் மட்டும் நிதானமாக விட்டார். குற்றவாளி, ஜன்னலுக்கு வெகுதூரம் முன்னால் இருந்த ஒரு ரெயிலிங் தூண். அதைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, மரத்தை உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அதன் நடுவே புதிதாகத் துளையிட்டு, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து முடுக்கினார். துளையின் வாயைச் சற்றே சரிவாகக் குடைந்ததால், டேப் அங்கே வளையம்போல் இறுகி நின்றது.

ஆகவே எந்த சீலண்ட் எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பாலிசல்பைடு வகை சீலண்ட், அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கெடுத்துவிடும். கழற்ற வேண்டிய பொருத்துகளைப் பில்லில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். அவை கழன்ற நிலையில் துளைகளைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். சீலண்ட் காய்ந்த பிறகு உங்கள் எதிரிலேயே ஹோஸ் சோதனை நடக்கும்வரை, கூலியில் ஒரு பகுதியையாவது கையில் வைத்திருங்கள்.