சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை ஆங்கில வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், துணிக்கடை ஒன்றின் மாடியில் பெரியவர்களுக்காக நடக்கும் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் எட்டு வாரம் படித்து முடித்தேன். கட்டணம் 160 ரிங்கிட். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களே பெரும்பாலோர். கற்பிக்கும் முறைக்கு முழு மதிப்பெண் தருவேன், பாடத்தாள்களுக்குப் பாதி தரவும் மனம் வரவில்லை. இரண்டும் ஒரே மாலையில் பைஸ்டாண்டர் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின்மேல் மோதிக்கொண்டதால் அந்த மாலையைப் பற்றியே எழுதுகிறேன்.

ஐந்தாம் வாரத் தாளில் பைஸ்டாண்டர், ஆன்லுக்கர், ஸ்பெக்டேட்டர் ஆகிய மூன்றுக்கும் எதிரே ‘பார்வையாளர்’ என்றே அச்சிட்டிருந்தார்கள். டீச்சர் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, வெண்பலகையில் பேருந்து நிலையச் சந்தியை வரைந்தார். லாரியும் மோட்டார் சைக்கிளும் மோதுகின்றன. சத்தம் கேட்டு ரொட்டி சானாய் கடையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்க்கிறவர் ஆன்லுக்கர். மாடிச் சன்னலிலிருந்து மோதலைக் கண்டு, பிறகு போலீசில் சொல்கிறவர் விட்னஸ். நடந்து போய்க்கொண்டிருந்தவர் பாஸர்பை. பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் பைஸ்டாண்டர். ஸ்பெக்டேட்டருக்கு இந்தச் சந்தியில் வேலையில்லை, அவர் பந்து விளையாட்டுப் பார்க்கத் திடலுக்குப் போய்விட்டார் என்றார்.

பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர், “டீச்சர், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்து மோதியதைக் கவனிக்கவே இல்லை என்றால், அவன் யார்?” என்று கேட்டார்.

“அவரும் பைஸ்டாண்டர்தான் ஐயா. பக்கத்தில் இருந்தார், சம்பந்தப்படவில்லை, அவ்வளவு போதும். பெரும்பாலும் பார்த்துக்கொண்டும் இருப்பார், ஆனால் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.”

இரு கூட்டத்தார் சுட்டுக்கொள்ளும்போது குறி தவறிய குண்டு பட்டவரை ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னசன்ட் பைஸ்டாண்டர் என்று எழுதுவதை டீச்சர் எடுத்துக்காட்டினார். அந்த மனிதர் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவரைப் ‘பார்வையாளர்’ ஆக்கினால் துப்பாக்கிச் சூட்டை ரசிக்க வந்தவர் போலாகிவிடுகிறது. ‘வேடிக்கை பார்த்தவர்’ என்றாலோ பழி வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் ‘அருகில் இருந்தவர்’ என்று சொல்லிவிட்டுப் போவதே மேல் என்பது என் முடிவு. பன்மையில் பாஸர்பை மட்டும் எஸ் எழுத்தை நடுவில் வாங்கிக்கொள்வதையும் அன்றுதான் அறிந்தேன்.

விட்னஸ் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாட்சி என்ற சொல்லும் மலாய் மொழியின் சக்சியும் ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலத்துக்குள் கண் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேரிலோ இருப்பது அறிவு. ஆகவே காதால் கேட்டு அறிந்தவரும் அங்கே விட்னஸ் ஆகலாம்.

இந்த இடத்தில்தான் பாடத்தாள் மறுபடியும் சறுக்கியது. 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை ‘38 பேர் வேடிக்கை பார்த்தனர்’ என்று அது சொல்கிறது. அச்செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழே, அத்தனை பேர் முழுதும் தெரிந்தும் வாளாவிருந்ததாகச் சித்திரித்தது பிழை என்று 2016-இல் எழுதிவிட்டது. பலருக்கு அலறல் காதில் விழுந்ததே தவிர, தாக்குதலைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே. அந்த நிகழ்வை ஒட்டி உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட ஆய்வுகளைத் தாள் ஒரே வரியில் முடித்துவிட்டது. அவர்கள் நடத்திய ஒரு சோதனையில், தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் அறைக்குள் புகை வருவதைத் தெரிவித்தார்கள். அசையாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்தபோது அது 10 விழுக்காடானது. இதைச் சொல்லியிருந்தால், பக்கத்தில் பிறர் இருக்கும்போது ஒருவர் முன்வந்து செயல்படுவது குறைவதைக் குறிக்கும் பைஸ்டாண்டர் எஃபெக்ட் என்ற தொடர் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

கேரளத்தில் அத்தைக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பிய ஒரு பெண், அங்கே நோயாளியோடு தங்கிக் கஞ்சி ஊட்டுகிறவரைத்தான் பைஸ்டாண்டர் என்கிறார்கள் என்று சொன்னபோது டீச்சரே வியந்து அதைப் பலகையில் எழுதிக்கொண்டார். தனக்குப் புதியதை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே மறுபடி பணம் கட்டலாம்.

பாடத்தாள்களுக்குத் தனியாக வாங்கும் 20 ரிங்கிட்டை நிறுத்த வேண்டும். வகுப்பு இரவு ஒன்பதரைக்கு முடிவதால், தோட்டத்துக்குள் போக வேண்டியவர்கள் திரும்பும் வண்டிக்கு முன்பே சொல்லிவைத்துக்கொள்வது நல்லது. குறிப்பேடு ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.