விண்டோஸ் 11 ஹோம், புரோ, பழைய 10, லினக்ஸ் மின்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி தானாக வராது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். சரி, என்ன செய்யலாம்?

முதலில் விண்டோஸ் 11. முறையான உரிமத்தோடு 10 ஓடும் கணினி, 11-க்கான தகுதி பெற்றிருந்தால், மாறுவதற்குக் காசே வேண்டாம். இது தெரியாமல் புது உரிமம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தடை வருவது வன்பொருளில்தான்: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி), செக்யூர் பூட் (கணினி திறக்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்.

மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' கருவி "டிபிஎம் இல்லை" என்றால் உடனே புதுக் கணினி தேட வேண்டாம். பல கணினிகளில் அந்த வசதி இருந்தும் பயாஸில் (கணினி திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கினால் போதும். ஆனால் பயாஸில் கைவைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் குறியாக்க வசதி) மீட்புச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு கணினி அதைக் கேட்டு நின்றுவிட்டால் தவிப்பு பெரிது. மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பலாம்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வழிகளும் உண்டு. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்றால், அந்த உறுதி இல்லாத மாற்றம் எதற்கு?

ஹோமா, புரோவா? காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். புரோ வாங்கினால் வேகம் கூடாது. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டும், ஹைப்பர்-வியில் மெய்நிகர் கணினி (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்ட வேண்டும், பிட்லாக்கரை முழுமையாகக் கையாள வேண்டும் என்றால் புரோ தேவை. கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, படம் பார்க்கிறவருக்கு ஹோம் தாராளம். அந்தக் காசில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போட்டால், கணினி திறக்கும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். அப்புறம், அடிமாட்டு விலைக்கு விற்கும் உரிமச் சாவிகள் பக்கம் போகவே வேண்டாம். நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்பட்டவை அப்படிக் கைமாறி வருவதுண்டு, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

10-இலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை ஒத்திசைத்து இலவசமாகவும் சேரலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். வருவது பாதுகாப்பு அப்டேட் மட்டும். புதுக் கணினிக்குக் காசு சேர்க்கும்வரை தாங்கும் முட்டுக்கொம்பு என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

11-க்குத் தகுதியே இல்லாத, ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கணினி என்றால் என் தேர்வு, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட். முழுக்க இலவசம். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. லிப்ரே ஆஃபிஸ் (கடிதம், கணக்குக்கான மென்பொருள்), ஃபயர்ஃபாக்ஸ் உலாவி எல்லாம் கூடவே வரும். ஃபோட்டோஷாப், விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் போன்றவற்றை நம்பிப் பிழைப்பவருக்கு இது சரிவராது. மற்றவர்கள் ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், ஒலி, தமிழ்த் தட்டச்சு நான்கும் வேலை செய்தால், கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம்.