விதை வாரம்: பெட்டியா, ஒர்க்‌ஷீட்டா, நவதானியப் பொட்டலமா?

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "நாள் முழுக்க பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன செய்வே?" நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் பேசுகிறது, அதனால் சட்டத்தில் இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் காலை பத்து மணிக்கு வரும். அடுப்படி வேலை முடிந்து உட்காருவேன். அவள் வந்து மடியில் ஏறி, "இன்னைக்கு என்னம்மா?" என்பாள். அதற்குள் என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

தீம் என்று ஒன்று வைத்துக்கொண்டால் பதில் தேடும் வேலை பாதி குறைந்துவிடும். விதை என்று முடிவு செய்துவிட்டால் பாட்டு, கதை, எண்ணிக்கை, கிராஃப்ட் எல்லாம் விதையைச் சுற்றியே வந்துவிடும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்றுதான் போகிறது. வீட்டில் ஒரே பிள்ளையோடு செய்யும்போது மாதம் நீளம்; ஒரு வாரம், இழுத்தால் பத்து நாள் சரியாக இருக்கிறது.

தீம் சரி, பொருளுக்கு எங்கே போவது? இங்கேதான் மூன்று வழி இருக்கிறது. மாதாமாதம் கூரியரில் வரும் ஆக்டிவிட்டி பெட்டி ஒன்று. இணையத்திலிருந்து இறக்கி பிரிண்ட் எடுக்கும் ஒர்க்‌ஷீட் இன்னொன்று. வீட்டிலும் தெருவிலும் கிடைப்பதை வைத்து நாமே செய்வது மூன்றாவது. போன ஆடியில் விதை என்ற ஒரே கருப்பொருளை மூன்று வாரம், மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். நான் கவனித்தது ஒன்றைத்தான்: அந்த ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது என் கையா, அவள் கையா?

முதல் வாரம் பெட்டி. கூரியர் செலவோடு ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. திறந்தவுடன் அவளுக்கு வந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கே ஒரு மதிப்பு உண்டு. அழகான அட்டைகள், மழமழவென்று தேய்த்த மரத் துண்டுகள், அளந்து வைத்த பசை, ஒரு சின்னத் தொட்டி, சூரியகாந்தி விதை நாலு. குறிப்புப் புத்தகம் தெளிவாக இருந்தது. நான் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எதையும் தயார் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கிராஃப்ட் என்று இருந்தது, ஏற்கெனவே வெட்டிய பூவிதழ்களைப் புள்ளி போட்ட இடத்தில் ஒட்டுவது. அவள் ஓர் இதழைக் கோட்டுக்கு வெளியே ஒட்டினாள். அட்டைப்படத்தில் இருந்த பூ மாதிரி இல்லையே என்று என் கை தானாகப் போய் அதைப் பிரித்துச் சரியாக ஒட்டியது. மூன்றாவது இதழுக்கு அவள் பசையை என்னிடம் நீட்டினாள், "நீயே ஒட்டும்மா" என்றாள். என்ன வர வேண்டும் என்பதைப் படமாக முன்னாலேயே காட்டிவிட்டால், பிள்ளைக்குத் தன் கைமேல் நம்பிக்கை போய்விடுகிறது. அம்மாவுக்கும்தான். பெட்டிகளில் பெரும்பாலான கிராஃப்ட் இந்த வகைதான், அதனால் இது எனக்குப் பெரிய குறை.

அதே பெட்டியில் தாயக்கட்டை உருட்டி விதையை நகர்த்தும் ஒரு விளையாட்டு அட்டை இருந்தது. அது இன்றைக்கும் வாரம் இரண்டு முறை கீழே இறங்குகிறது. பெட்டியின் பலம் அங்கே இருக்கிறது. பலகை விளையாட்டு, பொருத்தும் மரத் துண்டு, பூதக்கண்ணாடி மாதிரி நம்மால் வீட்டில் செய்ய முடியாத பொருள்கள் காலத்துக்கும் நிற்கின்றன. ஒட்டி முடிக்கும் சாமான்கள் ஒரே நாளில் தீர்ந்துபோகின்றன. வாங்குவதாக இருந்தால் உள்ளே இந்த இரண்டில் எது அதிகம் என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதையும் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் வாரம் ஒர்க்‌ஷீட். தெரு முனை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய், பன்னிரண்டு பக்கம் எடுத்தேன். விதை, முளை, செடி, பூ என்று வெட்டி வரிசையாக ஒட்டுவது. எண்ணி வட்டம் போடுவது. புள்ளிக் கோட்டின் மேல் எழுதுவது. முதல் பக்கத்தைக் குனிந்து உட்கார்ந்து செய்தாள். நாலாவது பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டு விரலை உதறினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக இறுகி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகும். நாலு வயதுக் கையைப் பென்சிலோடு அரை மணி நேரம் கட்டிப்போடுவதைவிட, பிசையவும் உருட்டவும் கிள்ளவும் விட்டால் எழுதுவதற்கு வேண்டிய பலம் தானாக வரும். மாவு உருட்டிய பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தனிப் பயிற்சி அதிகம் தேவைப்படாது என்பது என் அனுபவம்.

இன்னொரு சங்கடம், அந்தத் தாள்களில் வரும் உலகம். பூசணிக்காய் ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும். அக்டோபர் வந்தால் இலையுதிர் காலத் தீம் என்று மேப்பிள் இலையும் அணிலும் வரும். நமக்கு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மரமெல்லாம் நனைந்து பச்சையாக நிற்கும். எங்கள் தெருவில் வாதாம் மரம் இலையைச் சிவக்க வைத்துக் கொட்டுவது மாசி மாதம், வேம்பு கொட்டித் துளிர்ப்பது பங்குனியை ஒட்டி. அப்போது வாசலில் போய்ப் பொறுக்கி, தாளுக்கு அடியில் வைத்து, மேலே கிரேயானால் தேய்த்தால் நரம்பு நரம்பாக இலை எழும்பி வரும். தாளில் அச்சடித்த மேப்பிள் இலையை நாங்கள் இருவருமே தொட்டதில்லை.

ஆனாலும் ஒர்க்‌ஷீட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். கத்தரிக்கோல் பழக அந்த நேர்க்கோடும் வளைகோடும் நன்றாக உதவுகின்றன. பஸ்ஸில், ரயிலில், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது, எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் அதுதான் கைகொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுவும் அவளே கேட்டால்.

மூன்றாம் வாரம் இருபது ரூபாய் நவதானியப் பொட்டலம். பூஜைச் சாமான் கடையில் ஒன்பதும் கலந்தே கிடைக்கும்: நெல், கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. திங்கள்கிழமை காலை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, பக்கத்தில் பணியாரக்கல்லை வைத்தேன். "எல்லாம் கலந்துபோச்சு, பிரிச்சுத் தர்றியா?" என்றேன், அவ்வளவுதான். மொச்சையையும் கடலையையும் முதலில் பொறுக்கினாள், பெரியது என்பதால். அப்புறம் பயறும் உளுந்தும் ஒரே அளவில் நிற்க, பச்சையையும் கறுப்பையும் நிறம் பார்த்துப் பிரித்தாள். எள்ளுக்கு வந்தபோது விரல் வழுக்கியது. விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் அந்தத் தாம்பாளத்தை விட்டு அவள் நகரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அளவு, நிறம், எண்ணிக்கை என்று பெட்டியும் தாளும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க நினைத்ததெல்லாம் அந்தப் பணியாரக்கல்லின் குழிகளில் வந்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி. பதினாலு குழியும் வேண்டாம், ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று கொட்டை. புதன்கிழமை மாவு: இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய். பாதியில் மஞ்சள்தூள், பாதியில் பீட்ரூட் சாறு. தட்டையாகத் தட்டி அதில் விதைகளை அழுத்தி அவள் செய்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "இது கோயிலு, இது தேரு, இது கூட்டம்" என்றாள். கொள்ளுதான் கூட்டம். மஞ்சள் மாவு ஒட்டிய கையை சோப்புப் போட்டுக் கழுவும்போது நுரை சிவந்ததும் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்த நாள் முழுக்க மஞ்சளும் சோப்பும்தான், நான் போட்டு வைத்திருந்த திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டேன். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே சங்கதிதான், ஆனால் சுண்ணாம்பு கண்ணுக்கு ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

எழுத்துக்கும் இதே கதைதான். மாண்டிசோரி (பிள்ளைகள் தாங்களே கையால் செய்து கற்கும் கல்விமுறை) சாமான் என்று உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள் விற்கிறார்கள். விரலால் தடவிப் பழகுவதற்கு. நல்ல பொருள்தான். நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்கு மணல் இருந்தது. 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் வைத்தார். 1797-ல் லண்டனில் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதி வெளியிட்டார், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனபோது மணலில் எழுதுவதும் கூடவே போனது. நான் எவர்சில்வர் தட்டில் ரவையைப் பரப்பி 'வி' எழுதச் சொல்கிறேன். தப்பாகப் போனால் தட்டை ஒரு குலுக்கு, அழிந்துவிடும். அந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே 1939-ல் அடையாறுக்கு வந்து, போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கியவர். கொடைக்கானலில் இருந்த காலத்தில் அங்கிருந்த செடிகொடிகளையும் பூச்சிகளையும் வைத்தே பிள்ளைகளோடு வேலை செய்தார். அந்தந்த இடத்தில் கிடைத்ததை அவரே பாடமாக்கியிருக்கும்போது, அவர் பெயரில் விற்கும் சாமான் வாங்கினால்தான் மாண்டிசோரி என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழியின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் நான் யோசிக்க வேண்டும். தரையெல்லாம் எள். சாப்பிடும் பொருளை விளையாடக் கொடுப்பது பெரியவர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதால், பிரித்த தானியத்தைக் கழுவி முளைகட்டிச் சுண்டல் செய்துவிடுகிறேன், மிஞ்சியது குருவிக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், விதைகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் ஆபத்து. மூக்கில் போன பயறு ஈரத்தில் ஊறிப் பருக்கும், நாமே எடுக்கப் பார்த்தால் உள்ளே போய்விடும். நேராக டாக்டரிடம் போக வேண்டியதுதான். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இந்த விதை வாரத்தைத் தள்ளிப் போடுங்கள். நாலு வயதானாலும் நாம் எழுந்து போகக்கூடாது.

வேலைக்குப் போகும் அம்மா, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளையோடு உட்கார முடியும் என்றால், பெட்டியே நல்லது. யோசிக்கத் தெம்பு இல்லாத நேரத்தில் யாரோ யோசித்து அனுப்பியதை வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. குறிப்புப் புத்தகத்தின் படத்தை மட்டும் பிள்ளைக்குக் காட்டாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, விளையாட்டு அட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வயது தாண்டி, பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்றால் ஒர்க்‌ஷீட்டைக் கொஞ்சம் கூட்டலாம். பகலில் வீட்டில் ஆள் இருக்கிறது, தாத்தா பாட்டி இருக்கிறார்கள் என்றால் பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பத்தா. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுகிறவர். வெள்ளிக்கிழமை பேத்தியோடு உட்கார்ந்து, ஊற வைத்த பாசிப்பயறை இரண்டு கொட்டாங்குச்சியில் மண்ணும் எருவும் கலந்து விதைத்தார். ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று சாமி அறை மூலையில், கூடை கவிழ்த்து. "வெளிச்சம் படாம வச்சாத்தான் தாயி மளமளன்னு வளரும்" என்றார்.

நாலாம் நாள் கூடையைத் தூக்கினார்கள். உள்ளே இருந்தது உயரமாக, வெளிர் மஞ்சளாக, தலை துவண்டு நின்றது. ஜன்னலோரம் இருந்தது குட்டையாக, கரும்பச்சையாக. அவள் இரண்டையும் கொண்டுவந்து தரையில் வைத்து, படுத்துக்கொண்டு பார்த்தாள். "இது ஏன் அப்பத்தா வெளுத்திருக்கு?" முளைப்பாரி அப்படித்தான் இருக்கணும் என்று அப்பத்தா சொன்னது அவளுக்குப் போதவில்லை. மஞ்சள் கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ஜன்னல் திட்டில் வைத்தாள், பச்சையைத் தூக்கிக் கூடைக்குள் வைத்து மூடினாள். அவளிடம் யாரும் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் பல்கூட விளக்காமல் ஜன்னலுக்கு ஓடினாள். மஞ்சள் இலைகளில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. "அப்பத்தா! வெயிலைக் குடிச்சிருச்சு!"