கேரவன் ஏசி கரண்ட் பிரச்சனை: மூலக்கடை பாய் கடை பத்தி என் ரிவ்யூ

நம்மகிட்ட ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுற பழைய கேரவன் ஒண்ணு இருக்கு, உள்ள ரெண்டு ரூம், ரூமுக்கு ஒரு 1 டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் மாடல்லாம் இல்ல சாதா மாடல்தான். ஏப்ரல் கடைசில புளியந்தோப்பு பக்கம் ஷூட்டிங், வெயில் மண்டைய பொளக்குது, பின் ரூம்ல வெறும் காத்துதான் வருது, ஜில்லுனு இல்ல. அவுட்டோர் யூனிட் கிட்ட காது வச்சா உம்ம்ம்னு ஒரு சத்தம், அப்புறம் டக்குனு கட், மூணு நாலு நிமிஷம் கழிச்சு திரும்ப உம்ம்ம், டக். உள்ள உக்காந்திருந்தவரோட மேனேஜர் என்ன பேசுனாருன்னு இங்க டைப் பண்ண முடியாது.

மொதல்ல வந்த மெக்கானிக் (பேர் வேணாம் விடுங்க) வந்ததும் வராததுமா "கேஸ் போயிடுச்சு சார்"னு சிலிண்டர இறக்கிட்டாரு, 2,800 ரூபா. சாயங்காலம் ஜென்செட்ல (ஜெனரேட்டர்தான்) போட்டா ஏசி ஓடுது, சரி ஒழிஞ்சுதுடான்னு பாத்தா மறுநாள் லொக்கேஷன்ல இருக்க ஈபி லைன்ல சொருகினதும் பழைய குருடி கதவ திறடின்னு அதே உம்ம்ம் டக்.

அப்புறம் தான் டிரைவர் அண்ணன் சொல்லி சென்னை மூலக்கடைல இந்த பாய் கடைக்கு போனேன். மாதவரம் லாரிங்களுக்கு ஒயரிங் பாக்குறவரு, ஏசி கரண்ட் வேலையும் செய்வாரு, வயசு அறுபது இருக்கும். வண்டில ஏறவே இல்ல, கீழ நின்னுகிட்டே, "இன்னா தம்பி, ஜென்செட்ல ஓடுது, லைன்ல ஓடல, அப்ப கேஸ் இன்னாத்துக்கு அடிச்ச?"ன்னாரு. அந்த ஒரு கேள்விக்கே காசு குடுத்துருக்கலாம்.

"லைனுக்கு எத்த சொருகுற, அத்த எடுத்தா"ன்னாரு. டிரம்ல சுத்துன 30 மீட்டர் ஒயர், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர், அதாவது ஒயரோட தடிமன்). முக்கால்வாசி சுத்தியே கெடக்கும், வேணுங்கறத மட்டும் இழுத்து சொருகிடுவோம். அவரு முழுசா உருவுனாரு, அடில இருந்த சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் பிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு, பிளாஸ்டிக் கருகுன வாடை வேற. போக வர 60 மீட்டர் செம்பு, ரெசிஸ்டன்ஸே 0.7 ஓம்ஸ் கிட்ட வருது. ஓடும்போது ஒரு ஏசிக்கு அஞ்சு ஆம்ப்ஸ்தான், ஆனா கம்ப்ரசர் கெளம்புற நொடில அத மாதிரி பல மடங்கு இழுக்கும்ல, அங்க தான் வோல்டேஜ் படுத்துடுது. கடை பிளக்குல 229, வண்டிக்குள்ள சும்மா இருக்கப்ப 228, ரெண்டாவது ஏசி கெளம்பும்போது மீட்டர்ல மினிமம் 186. நானும் லொக்கேஷன்ல மீட்டர் வச்சு பாத்தேனே, ஏசிய ஆஃப் பண்ணிட்டு பாத்தேன். சும்மா உக்காந்திருக்கவனுக்கு மூச்சு வாங்குதான்னு பாத்த கதைதான்.

இன்னொரு மானக்கேடு, கிளாம்ப் மீட்டர முழு ஒயர்ல மாட்டி "பாருங்க பாய் ஜீரோ காட்டுது"ன்னேன். அவரு சிரிச்சுட்டு உறைய உரிச்சு ஒரே ஒரு ஒயர மட்டும் தனியா எடுத்து மாட்டுனாரு. போற கரண்டும் வர கரண்டும் ஒண்ணா உள்ள இருந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சுடும்.

ஒயரு மட்டும் இவ்ளோ வோல்டேஜ திங்காதுன்னு லைனுக்கும் ஜென்செட்டுக்கும் மாத்துற சேஞ்ச்ஓவர் சுவிட்ச கழட்டுனாரு. லைன் பக்கத்து நியூட்ரல் ஸ்க்ரூ கரிக்கட்டை. லக்கு (ஒயர் முனைல நசுக்கி மாட்டுற உலோக மூடி) போடாம பிசிறு பிசிறா முறுக்கி சொருகியிருக்கு, வண்டி குலுங்கி குலுங்கி லூசாயிடுச்சு, நாங்க நிறுத்துறது காசிமேடு பக்கம், உப்புக்காத்துல செம்பு பச்சை பூத்துருந்துச்சு. வெட்டி எறிஞ்சுட்டு லக்கு கிரிம்ப் பண்ணி புது சுவிட்ச் போட்டாரு. அப்பால மெயின ஆஃப் பண்ணி, ஹோல்டர் பல்பு ஒயர வச்சு கம்ப்ரசர் கெளம்ப உதவுற கெப்பாசிட்டர்ல இருந்த சார்ஜ இறக்கிட்டு அளந்தாரு, மேல 36 மைக்ரோ ஃபேரட்னு போட்டிருக்கு, மீட்டர் 27 காட்டுது. ஆக ஏசிலயும் கொஞ்சம் கோளாறு இருந்துச்சு, ஆனா 350 ரூபா கோளாறு. ஜென்செட் ஒயர் நீளம் கம்மி, வோல்டேஜ் இறங்காம போனதால இவ்ளோ நாள் சமாளிச்சிருக்கு.

படில கால் வச்சா சுரீர்ங்குதுன்னு ஆர்ட்டிஸ்டுங்க சொல்லிட்டே இருப்பாங்க, அதையும் கேட்டேன். பிளக்குல மூணாவது பின்னு, அதான் எர்த், எங்கயும் போய் சேரல, உள்ளயே அறுந்து தொங்குது. அத சரி பண்ணி 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா டக்குனு கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணும் போட்டுவிட்டாரு. இது ஏசிய விட முக்கியம்ங்க, மழைல ஈரத் தரைல நின்னு படி கம்பிய புடிச்சா ஆளு காலி.

கூலி 1,500. 4 ஸ்கொயர் ஒயர் தான் கழுத்த அறுத்துச்சு, ஆனா அத போட்டப்புறம் கெளம்பும்போது 212க்கு கீழ இறங்கல, மே மாசம் முழுக்க ரெண்டு ஏசியும் ஓடுச்சு.

கொறைன்னா, போன் எடுக்கவே மாட்டாரு. பில்லு சிகரெட் அட்டைல எழுதி தந்தாரு, எங்க அக்கவுண்டன்ட் அத வச்சு இன்னும் என்ன கலாய்க்கிறாரு. கடை முன்னாடி பெரிய வண்டி நிறுத்த எடம் கெடையாது, கன்டெய்னர் லாரிங்க ஹாரன் அடிச்சே கொன்னுடும், காலைல 9 மணிக்கு முன்னாடி போய்டுங்க. வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும். 4 ஸ்டார். முன் ரூம் ஏசில தண்ணி ஒழுகுதுன்னு சொன்னேன், "அடுத்த வாட்டி பாத்துக்கலாம் தம்பி"ன்னாரு, இன்னும் பக்கெட் வச்சுதான் ஓட்டுறோம்.