பாகாயம் முதல் காட்பாடி வரை: பெட்ரோல் ஸ்கூட்டரா, மின் ஸ்கூட்டரா, டவுன் பஸ்ஸா?

வேலூரில் பாகாயத்திலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வழியாகப் பாலாற்றைக் கடந்து காட்பாடி செல்லும் தடத்தில்தான் மருத்துவமனை, கல்லூரி, ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன. தினமும் அதில் போய்வருகிறவர் எதில் போனால் காற்றுக்குக் கேடு குறைவு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு 50 கிராம் விடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் மட்டும் போனால் 150 கிராம். இந்தப் போட்டியில் காருக்கு இடமே இல்லை.

மின் ஸ்கூட்டர் சாலையில் புகை விடுவதில்லை. ஆனால் அதற்கு ஏற்றும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 20 முதல் 25 கிராம் வரும். பெட்ரோல் வண்டியில் பாதிதான். பக்கத்து ராணிப்பேட்டையிலேயே மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் வேலூர்க்காரர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் இங்கே ஒரு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன் பிறகு பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். தூங்கும் அறையிலோ வாசற்படியை அடைத்தோ சார்ஜ் போடவே கூடாது.

டவுன் பஸ் கணக்கு வேறு மாதிரியானது. லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரியமில வாயு. பஸ் ஒரு லிட்டரில் 5 கிலோமீட்டர் போகிறது என்றால், கிலோமீட்டருக்கு 540 கிராம். ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு 11 கிராம்தான். மின் ஸ்கூட்டரும் தோற்றுவிடும். பத்தே பேர் என்றால் 54 கிராம், பெட்ரோல் ஸ்கூட்டரைவிட மோசம். இந்தக் கணக்கைக் காட்டிச் சிலர் பஸ்ஸை ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது. பதினோராவது ஆளாக ஏறுகிறவரால் கூடும் புகை மிக மிகக் குறைவு. அவர் வீட்டில் விட்டுவந்த ஸ்கூட்டரின் 50 கிராமோ முழுதாக மிச்சம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். எனவே பகல் நேரப் பயணத்துக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கே. இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியரிடம் நிறுத்தத்தில் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவருக்கு மின் ஸ்கூட்டர் பொருந்தும். ஆள் நிரம்பிப் போகும் ஷேர் ஆட்டோவும் தனி வண்டியைவிட நல்லதுதான்.

இருக்கும் பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்கிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. டயர் காற்றை மாதம் இருமுறையாவது பார்க்கலாம். சட்டென்று முறுக்கிப் பிரேக் பிடிப்பதை விட்டு, 40–50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகலாம். கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றால் இஞ்சினை அணைத்துவிடலாம். பத்து வினாடிக்கு மேல் நிற்கும்போது அதுவே லாபம். இவை எல்லாவற்றையும்விட, தெருமுனைக் கடைக்கு வண்டி எடுப்பதை நிறுத்த வேண்டும். குளிர்ந்த இஞ்சின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறி வேலையைத் தொடங்குவதற்குள் கடையே வந்துவிடும்.