பெருநாடி வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, தொடை வழியே போவதா?

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருநாடி. அடிவயிற்றில் இறங்கும் இடத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. அது 3 செ.மீ. ஆகிவிட்டால் வீக்கம் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் வலி இருக்காது, எந்த அறிகுறியும் தெரியாது. வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு. ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதுதான். 1948இல் அவருடைய வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றித் தைத்தார்கள். 1955இல் அது வெடித்தபோது இன்னொரு அறுவை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இப்போது இருப்பது இரண்டு வழிகள். ஒன்று, வயிற்றைத் திறந்து, நாடியைக் கிடுக்கியால் அடைத்து, வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாயைத் தைப்பது. 1951இல் பாரிசில் ஷார்ல் துபோ முதலில் தைத்தது, இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த நாடியை. மற்றொன்று, தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்டை (துணி போர்த்திய உலோக வலைக் குழாய்) ஏற்றி, வீக்கத்துக்குள் விரிப்பது. 1990இல் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்து காட்டியது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய சோதனை, பிரிட்டனின் ஈவார்-1. முதல் 30 நாளில் திறந்த அறுவையில் நூற்றுக்கு நான்கைந்து பேர் இறந்தார்கள், ஸ்டென்ட்டில் இரண்டு பேர்கூட இல்லை. இதோடு நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்கே ஓட்டு. ஆனால் சில வருடங்களில் இந்த முந்தல் கரைந்தது. 15 வருடம் வரை பின்தொடர்ந்தபோது, 8 வருடத்துக்குப் பிறகு நாடி வீக்கத்தால் வந்த மரணங்கள் ஸ்டென்ட் பக்கமே கூடியிருந்தன. கிராஃப்டைச் சுற்றி ரத்தம் கசிந்து வீங்கிய பழைய பை மறுபடி அழுத்தம் ஏறி வெடிப்பதுதான் காரணம். அதனால்தான் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ஸ்கேனுக்கு வரவேண்டும். மறு சிகிச்சையும் அவர்களுக்கே அதிகம்.

சோதனையில் வைத்தவை 1999-2004 காலத்துக் கருவிகள். இன்றையவை மேம்பட்டவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும், திடமான 62 வயதுக்காரர் கேட்டால் நான் திறந்த அறுவையைத்தான் சொல்வேன். 80ஐ நெருங்குபவருக்கு, நாடியின் அமைப்பு இடம்கொடுத்தால், ஸ்டென்ட். திறந்த அறுவையைத் தாங்கவே மாட்டார் என்கிற அளவுக்குப் பலவீனமானவரா? அப்படிப்பட்டவர்களை வைத்து நடந்த ஈவார்-2 சோதனையின் முடிவு கசப்பானது: ஸ்டென்ட் வைத்தாலும் மொத்த ஆயுள் கூடவில்லை. குடும்பத்தாரிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்லவேண்டும்.

இரண்டும் வேண்டாம், காத்திருப்போம் என்பது மூன்றாவது வழி. 4 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கம் உள்ள 1,090 பேரை வைத்துப் பிரிட்டனிலேயே பார்த்தார்கள். சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதலாக வாழவில்லை. அறுவைக்கு 5.5 செ.மீ. என்ற எல்லைக்கோடு இப்படித்தான் நிலைத்தது.

சரி, வீக்கம் இருப்பதே தெரியாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது? 65-74 வயது ஆண்கள் சுமார் 67,800 பேரில் பாதியை மட்டும் அல்ட்ராசவுண்டுக்கு அழைத்தது மாஸ் ஆய்வு. நான்கு வருடத்தில் நாடி வீக்க மரணம் அழைத்தவர்களில் 65, அழைக்காதவர்களில் 113. இங்கிலாந்து 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் அழைக்கிறது. 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் அதோடு சரி, 4.4 வரை வருடம் ஒருமுறை. அதற்கு மேல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அமெரிக்கப் பரிந்துரையோ 65-75 வயதில் எப்போதாவது புகைபிடித்திருக்கும் ஆண்களைத்தான் முன்னே நிறுத்துகிறது. புகைப்பழக்கம் குறைந்த இடங்களில் வீக்கமே அருகிவருவதால், எனக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பெண்களுக்கு இது அரிது, ஆனால் சிறிய அளவிலேயே வெடித்துவிடுகிறது. மாஸ் அவர்களைச் சேர்க்கவே இல்லை.